குழவியும் கல்லும்

தமிழர் வீட்டு அடுப்படியில் கருங்கல்லுக்கென்று ஓர் இடம் நெடுங்காலம் இருந்தது. நெல்லைக் குத்த உரல். மிளகையும் மிளகாயையும் அரைக்க அம்மி. ஊறிய அரிசியையும் உளுந்தையும் ஆட்ட ஆட்டுக்கல். பயற்றை உடைக்கவும் தானியத்தை மாவாகத் திரிக்கவும் திரிகை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் மட்டும் அன்று, தனித்தனி வினையும் உண்டு என்பதை மாணவர்கள் நோக்க வேண்டும். உரலில் இடிப்பர், குத்துவர், அம்மியில் அரைப்பர், ஆட்டுக்கல்லில் ஆட்டுவர், திரிகையில் திரிப்பர். அம்மியில் ஆட்டினாள் என்றோ, உரலில் திரித்தாள் என்றோ தமிழ் அறிந்தவர் எவரும் கூறமாட்டார். செய்யும் தொழில் மாறினால் சொல்லும் மாறுகிறது.

இப்பெயர்களுட் பல தம் காரணத்தைத் தாமே சொல்லிவிடும். திரிதல் என்றால் சுழலுதல். சுழன்று மாவாக்குவது திரிகை. தென்மாவட்டங்களில் அதனைத் திருவை என்பர். வேறு சில ஊர்களில் எந்திரம் என்பர். ஆட்டுக்கல்லுக்கும் ஆட்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆடுதல் அசைதல், ஆட்டுதல் அசைத்தல், ஆட்டுவதற்கு உரிய கல் ஆட்டுக்கல். இவ்வளவும் எளிது. ஆனால் அம்மியின் மேல் உருளும் கல்லுக்கும், ஆட்டுக்கல்லின் குழியுள் சுழலும் கல்லுக்கும் நாம் இட்டு வழங்கும் பெயர் அவ்வளவு எளிதில் தன் காரணத்தைச் சொல்வதில்லை. அப்பெயர் குழவி.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் கல்லூரி மாணவர் சிலருடன் ஒருமுறை உரையாடிக்கொண்டிருந்தேன். குழவி என்றால் என்ன என்று அவர்களைக் கேட்டேன். தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்கள், குழந்தை என்றனர். பட்டு நெசவாளர் வீட்டிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், அம்மிக்கல்லின் மேல் இருப்பது என்றார். அருகிலிருந்த மாணவி, 'இவை இரண்டும் ஒரே சொல்லா, ஐயா? அல்லது ஒலியால் ஒத்த இரண்டு சொற்களா?' என்று வினவினார். மிக நல்ல வினா. ஒரு சொல்லின் பொருளை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய வினாவும் அதுவே. அதற்குரிய விடையைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் இலக்கியப் பொருளை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியத்தின் மரபியல், இளமையைக் குறிக்கும் பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்துக் கூறுகிறது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்பன அவை. எந்த உயிரின் இளமைக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதையும் அவ்வியல் வரையறுக்கிறது. யானைக்குக் குழவி என்னும் பெயர் உண்டு. ஆவுக்கும் எருமைக்கும் உண்டு. மக்களின் இளமைக்கு உரியவை குழவி, மகவு என்னும் இரண்டே. ஓரறிவு உயிராகிய மரஞ்செடிகளுக்கும் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்கள் பொருந்தும் என்று கூறி, நெல்லையும் புல்லையும் மட்டும் அந்நூல் விலக்குகிறது. வாழைக்கன்று என்றும் தென்னம்பிள்ளை என்றும் இன்றும் சொல்கிறோம் அல்லவா? அவ்வழக்கின் வேர் அத்துணைப் பழமையானது. வளரும் இளம்பிறையையும் பண்டைப் புலவர் குழவித் திங்கள் என்றனர். குழவிப் பருவத்தைப் பாடும் மரபு தொல்காப்பியத்தின் புறத்திணையியலிலேயே குறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் அதனையே தமக்கு இலக்கணமாகக் கொண்டன.

இச்சொல்லின் அடி குழ என்பது. இளமை, மென்மை என்பன அதன் பொருள். குழந்தை, குழகன், குழவு முதலிய சொற்கள் அவ்வடியிற் கிளைத்தவை. துற என்பதிலிருந்து துறவியும், பிற என்பதிலிருந்து பிறவியும் தோன்றியது போலக் குழ என்பதிலிருந்து குழவி தோன்றிற்று. தெலுங்கில் மகனைக் கொடுக்கு என்பர். பழைய கன்னடத்தில் இளம்பெண்ணைக் கொடகூசு என்பர். இவற்றையும் திராவிட மொழியறிஞர் இவ்வடியோடு இணைப்பர். தமிழின் ழகரம் தெலுங்கில் டகரமாக நிற்பது பெருவழக்கு. நம் ஏழு அவர்களுக்கு ஏடு; நம் கோழி அவர்களுக்குக் கோடி. இம்முறையை அறிந்தால், குழ என்பதும் கொட என்பதும் உறவுடையன என்பது வியப்பாக இராது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொட்டும் பூச்சியாகிய குளவி வேறு சொல். அதில் வருவது ளகரம். பேச்சில் ழகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாக ஒலிப்போர், அரைக்கும் குழவியையும் கொட்டும் குளவியையும் ஒன்றாக்கிவிடுவர். எழுதும்போது இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இனிக் கல்லுக்கு வருவோம். மனிதன் பயிர்செய்யத் தொடங்குமுன்பே அரைக்கத் தொடங்கிவிட்டான். இசுரேல் நாட்டில், கலிலேயாக் கடல் எனப்படும் ஏரியின் கரையில், ஒகாலோ என்னும் இடத்தில் கிடைத்த அரைகல் ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழமையுடையது; காட்டுத் தானியங்களை அரைத்த மாவின் நுண்துகள் அதில் ஒட்டியிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். அன்று தொட்டு அக்கருவியின் அமைப்பு ஒன்றே: கீழே ஒரு பெரிய கல் அசையாமல் கிடக்கும், மேலே ஒரு சிறிய கல் முன்னும் பின்னும் இயங்கும். எகிப்தின் பழைய கல்லறைகளில், முழந்தாளிட்டு இவ்வாறு தானியம் அரைக்கும் பெண்களின் சிறுசிற்பங்கள் கிடைத்துள்ளன. நம் அம்மியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

காஞ்சியோடு தொடர்புடைய பழம்பாட்டு ஒன்றிலும் அடுப்படிக் கருவிகள் இடம்பெறுகின்றன. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன், காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அப்பாட்டில் உப்பு வணிகர் வண்டி கட்டிக்கொண்டு செல்கின்றனர். அவ்வண்டியிலே சிறியதோர் உரல் தொங்குகிறது. அவ்வுரல் எதைப்போல் இருந்தது என்று புலவர் கூறும் உவமை மிக நயமானது: இளம் பெண்யானையின் முழந்தாளைப் போல் இருந்ததாம். வழிநெடுக வாழ்க்கை நடத்துவோர் உரலைப் பிரிந்து செல்ல இயலாது என்னும் உண்மையும் இதனால் விளங்குகிறது. அதே பாட்டில் எயிற்றியர் தம் குடிசை முற்றத்தில் நிலத்தில் பதித்த உரலில், குறிய உலக்கையால் குத்துவதையும் காண்கிறோம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலோ, மணப்பொருள் அரைக்கும் கற்கள் வருகின்றன. குளிர்காலம் ஆதலின், வடநாட்டிலிருந்து வந்த சந்தனக்கல் பயனின்றிக் கிடக்கிறது; கொள்ளின் நிறமுடைய வேறொரு கல்லில் நறுமணக் கூட்டு அரைபடுகிறது. இவ்வாறு கற்கள் பல வரினும், சங்கப் பாட்டுகளில் குழவி என்னும் சொல் இளமைப் பொருளிலேயே பெருவழக்காக நிற்கிறது. ஆகவே குழந்தைப் பொருளே முந்தியது. கல்லைக் குறிக்கும் பொருள் அதன்மேல் ஏறியது என்று கொள்ளுதல் தகும்.

ஏறிய காரணம் யாது? மூன்று விளக்கங்கள் கூற இடமுண்டு. ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதல் விளக்கம் வடிவைப் பற்றியது. குழவி உருண்டு நீண்டது. ஆதலின் குழல் என்னும் சொல்லோடு அதற்கு உறவு உண்டு என்பது. காதுக்கு இது இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் குழல் என்பதன் உயிர்நாடி நீளம் அன்று, உள்ளே உள்ள துளை. புல்லாங்குழலும் ஊதுகுழலும் துளையுடையன. குழவியோ உள்ளே வெறுமை சிறிதும் இல்லாத திண்ணிய கல். ஆதலின் இவ்விளக்கம் பொருந்தவில்லை.

இரண்டாவது விளக்கம் தொழிலைப் பற்றியது. சந்தனத்தைக் குழைக்கிறோம், மாவைக் குழைக்கிறோம், வெந்த சோறு குழைகிறது. ஆகவே குழைப்பது குழவி என்பது. இது முன்னதைக் காட்டிலும் வலியது. குழைதலும் மென்மையாதலே என்பதால், குழை என்பதும் குழ என்பதும் தொலைவில் ஓரிடத்தில் கூடவும் கூடும். ஆனால் சொல்லின் உருவம் இடையே நின்று தடுக்கிறது. குழை என்பதிலிருந்து வந்திருந்தால் குழைவி என்றோ குழைப்பான் என்றோ வந்திருக்க வேண்டும். அவ்வாறு எவ்வூரிலும் வழங்குவதாக நான் கேட்டதில்லை.

மூன்றாவது விளக்கமே நேரானது. பெரிய கல் தாய். சிறிய கல் குழந்தை. தாயின் மடியில் கிடக்கும் குழவியைப் போல அம்மியின் மேல் இச்சிறுகல் கிடக்கிறது. ஆட்டுக்கல்லில் பார்த்தால் ஒற்றுமை இன்னும் தெளிவாகும். குழியினுள் பொதிந்து, தலை மட்டும் வெளியே தெரிய அது அமர்ந்திருக்கிறது. அதனை இரு கையாலும் தூக்க வேண்டும்; தூக்கினால் கைக்குழந்தையின் பருமனே இருக்கும். நம் நாட்டு மூதாட்டியர் காலை நீட்டி அமர்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து நீராட்டுவர். அம்மியில் அரைத்து முடித்த பெண், குழவியை நிமிர்த்தி, ஒட்டியிருப்பதை வழித்து, நீர் தெளித்துக் கழுவுவதைப் பாருங்கள். இரண்டு செயலும் ஒன்றைப் போலவே தோன்றும். சொல்லும் ஒத்துவருகிறது: தொட்டிலை ஆட்டுகிறோம், குழந்தையை நீராட்டுகிறோம், தாலாட்டுகிறோம், மாவையும் ஆட்டுகிறோம். இலக்கணம் பயிலும் மாணவர்கள் இதனை உவமையாகுபெயர் என்று எளிதில் அறிந்துகொள்வர்.

எனினும், 'இஃது உங்கள் கற்பனை' என்று ஒருவர் மறுக்கலாம். கற்பனை இனிமையாக இருப்பதால் மட்டும் அது சொல்வரலாறு ஆகிவிடாது. இந்த ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. பிற மொழியார் இக்கல்லை எவ்வாறு அழைக்கின்றனர் என்று பார்ப்பதே அவ்வழி.

அண்டையிலுள்ள மலையாளத்தில் அம்மி என்னும் பெயர் அப்படியே இருக்கிறது. அதன் மேற்கல்லை அம்மிக்குழவி என்பதோடு அம்மிக்குட்டி என்றும், அம்மிப்பிள்ள என்றும் வழங்குகின்றனர். குழவி போனாலும் குட்டியும் பிள்ளையும் அவ்விடத்தில் வந்து நிற்கின்றன. குழைத்தல் என்பதே காரணமாயின், குட்டிக்கும் பிள்ளைக்கும் அங்கே என்ன வேலை?

வடமொழியில் கீழ்க்கல்லுக்குத் திருஷத் என்று பெயர். வீட்டுச் சடங்குகளைக் கூறும் கிருஹ்ய சூத்திர நூல்களில் மேற்கல் திருஷத்புத்ர என்று சுட்டப்படுகிறது. கல்லின் மகன் என்பது அதன் பொருள்.

கடல் கடந்து மலாய் நாட்டுக்குச் செல்வோம். அங்குள்ள தமிழர் பலர் இதனை நன்கு அறிவர். மலாய் மொழியில் அரைகல்லுக்குப் பத்து கீலிங் என்று பெயர்; அதன் மேல் உருளும் கல்லுக்கு அனாக் பத்து கீலிங் என்று பெயர். அனாக் என்றால் குழந்தை. அம்மொழியார் இவ்வாறே வில்லிலிருந்து பாயும் அம்பையும், பூட்டைத் திறக்கும் சாவியையும்கூட அனாக் என்னும் சொல்லைச் சேர்த்தே வழங்குவர். பெரியதொன்றோடு இணைந்து தொழில் செய்யும் சிறியதைக் குழந்தை என்று காண்பது அவர்களுக்கு இயல்பு.

இந்தியாவும் மலாய் நாடும் பழந்தொடர்புடையவை. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவ்வாறு நினைப்பதிலும் தவறில்லை. ஆதலின் நம்மோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத நாட்டுக்குச் செல்வோம். மெக்சிகோவின் பழங்குடியாகிய அசுடெக் மக்கள் பேசிய மொழி நாகுவாத்தல். இன்றும் அங்கே பலர் அதனைப் பேசுகின்றனர். மக்காச்சோளத்தை அரைக்கும் கல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் மெத்லத்தல். அதன் மேல் உருட்டும் கல்லின் பெயர் மெத்லபில்லி. பில்லி என்றால் அம்மொழியில் பிள்ளை, மகன். அம்மியின் மகன் என்பதே அப்பெயரின் பொருள்.

பில்லி, பிள்ளை என்னும் ஒலி ஒற்றுமையைக் கண்டவுடன், தமிழர் அமெரிக்கா சென்று அம்மி கொத்தினர் என்று சிலர் எழுதத் தொடங்கலாம். மாணவர்கள் அவ்வழியிற் செல்ல வேண்டா. உலகில் மொழிகள் பல்லாயிரம். அவற்றுள் சில சொற்கள் ஒலியால் ஒத்துப்போவது தற்செயல். ஒலியொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு உறவு நாட்டுவோர், தெலுங்கின் ஏடும் கோடியும் காட்டுவது போன்ற முறையான ஒலிமாற்றங்களைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு சொல் போதாது. இங்கே நாம் வியக்க வேண்டியது ஒலி ஒற்றுமையை அன்று, கருத்து ஒற்றுமையையே. 1519ஆம் ஆண்டில் கோர்த்தேசின் படை மெக்சிகோக் கரையில் இறங்கும்வரை, அந்நாட்டாருக்கு நம்மைப் பற்றியோ நமக்கு அவர்களைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. இருந்தும் காஞ்சியில் மிளகு அரைத்தவளும் மெக்சிகோவில் மக்காச்சோளம் அரைத்தவளும், கையிலுள்ள கல்லைப் பார்த்து ஒரே பெயரை நினைத்தனர்.

இத்தகைய நிகழ்ச்சி சொல்லுலகில் புதிதன்று. கண்ணின் கருமணியைத் தமிழில் பாவை என்கிறோம். பாவை என்றால் பதுமை. இலத்தீன் மொழியில் அதன் பெயர் பூப்பில்லா; சிறுமி, பதுமை என்பது பொருள். வடமொழியில் கனீனிகா, அதற்கும் சிறுமி என்பது பொருள். எதிரில் நிற்பவரின் கண்ணுக்குள் நம் உருவம் சிறிய பதுமைபோலத் தெரிகிறது. அதனைக் கண்ட மக்கள் எல்லாரும் தனித்தனியே இப்பெயரைப் படைத்தனர். காட்சி ஒன்று, ஆதலின் பெயரும் ஒன்று. குழவிக்கல்லின் கதையும் இத்தகையதே.

ஆகவே அந்த மாணவியின் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. குழவி இரண்டு சொல் அன்று, ஒரே சொல். குழந்தையின் பெயரே கல்லுக்கு ஆகிவந்தது.

மொழிச் சான்றோடு வழக்கச் சான்றும் சேர்ந்தால் முடிவு மேலும் உறுதிப்படும். மராட்டியத்தில் குழந்தைக்குப் பெயரிட்டுத் தொட்டிலில் இடும் நாளில், வரவண்டா எனப்படும் அம்மிக்குழவிக்குக் குழந்தையைப் போல் உடை அணிவித்துத் தொட்டிலுக்குக் கீழும் மேலுமாகப் பெண்கள் கைமாற்றிக்கொள்வர். கன்னட நாட்டிலும் குண்டுக்கல்லை அலங்கரித்துத் தொட்டிலில் இடும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டிலும் சில குடும்பங்களில் குழந்தைக்கு முன்னதாகக் குழவிக்கல்லைத் தொட்டிலில் கிடத்துவர். கல்லைப் போல் நோயின்றி உறுதியாக வளர வேண்டும் என்னும் விருப்பம் அதில் அடங்கியிருக்கிறது. திருமணத்தில் மணமகள் அம்மியை மிதிப்பதிலும் உறுதி என்னும் கருத்தே உள்ளது. நாட்டுப்புறக் கதைகளில் இதன் மறுபுறத்தையும் காண்கிறோம். பொறாமை கொண்ட மூத்த மனைவியர், இளைய அரசி பெற்ற குழந்தையை மறைத்துவிட்டு, அவள் பக்கத்தில் அம்மிக்குழவியை வைத்து, 'உனக்குப் பிறந்தது இதுதான்' என்று சொல்லும் கதையை நம் பாட்டிமார் பலவாறு சொல்லியிருக்கின்றனர். எத்தனையோ பொருள்கள் வீட்டில் இருக்க, அக்கதையில் குழந்தையின் இடத்துக்குக் குழவியே வருவானேன்? சொல் அந்த இடத்தை முன்பே அமைத்துவிட்டது.

இனி இச்சொல்லின் இன்றைய நிலையைக் கூற வேண்டும். பேச்சுத் தமிழில் எந்தத் தாயும் தன் மகவைக் குழவி என்று அழைப்பதில்லை. குழந்தை, பிள்ளை, பாப்பா என்னும் சொற்கள் அவ்விடத்தைப் பெற்றுக்கொண்டன. யானைக்கும் இன்று குட்டியே வழங்குகிறது. தொல்காப்பியர் விதித்த குழவி ஏட்டில் இருக்கிறது. பள்ளியின் வாயிலைக் காணாத பாட்டியின் நாவிலும் தொல்காப்பியச் சொல் ஒன்று வாழ்ந்தது என்றால், அது அவள் அடுப்படியில் இருந்த கல்லால் வாழ்ந்தது. குழந்தையிடமிருந்து பெயரைக் கடன் வாங்கிய கல், குழந்தை அப்பெயரை இழந்த பின்னும் அதனைப் பத்திரமாக வைத்திருந்தது.

இப்போது அக்கல்லும் வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்விசையால் மாவு ஆட்டும் பொறியை உருவாக்கினார். பிறகு அப்பொறி தமிழர் வீடுகளிலெல்லாம் பரவிற்று. பழைய ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவி சுழலும். அவ்வகைப் பொறியிலோ குழவியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உரலையே சுழலச் செய்தனர். பிள்ளை நின்று தாய் சுற்றுகிறாள். பின்னர் வந்த மேசைப்பொறிகளில் குழவி இரண்டாகவும் மூன்றாகவும் சிறுத்து உருளைக்கல் ஆயிற்று. மிளகாய் அரைக்க மிக்சி வந்தது. அதில் கல்லே இல்லை, கத்தி மட்டுமே உண்டு.

இதற்காக நாம் வருந்தி அழ வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவை ஆட்டுவது எளிய வேலை அன்று. அந்த உழைப்பைச் செய்தவர் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் தோளும் இடுப்பும் பட்ட பாட்டை, அம்மியின் அழகைப் பாராட்டும் ஆடவர் அறியார். பொறி வந்ததால் மிச்சமான நேரத்தில் அவர்தம் பெண்மக்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்ல முடிந்தது என்றால், அதனை இழப்பு என்று எவ்வாறு சொல்வது? கல் போகட்டும். ஆனால் கல்லோடு சேர்ந்து சொற்களும் போகின்றன என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எத்தனை சொற்கள்! வழவழப்பாகிப் போன அம்மியை உளியால் மீண்டும் சொரசொரப்பாக்குவதை அம்மி கொத்துதல் என்றும், அம்மி பொளிதல் என்றும் கூறுவர். அதற்கென்றே உளியும் சுத்தியலும் கொண்டு தெருத்தெருவாகக் கூவி வந்த தொழிலாளர் இருந்தனர். அரைபடும் பக்குவத்துக்கும் அளவளவாகச் சொற்கள் இருந்தன. ஒன்றிரண்டாக உடைப்பது ஒன்று. கொரகொரப்பாக அரைப்பது ஒன்று. மைய அரைப்பது மற்றொன்று. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் குடலை இட்டலிக்கு அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாகவே இருத்தல் வேண்டும். மைய அரைத்தால் அதன் சுவையே மாறிவிடும். பொறியிலும் இப்பக்குவங்களைப் பெறலாம். ஆனால் கையால் அறிந்து, நாவால் சொல்லி, மகளுக்குக் கற்பித்த முறை அருகிவருகிறது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழியைத் தேர்வில் எழுதும் மாணவருள், அம்மியை நகர்த்திப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பர்? நகர்த்திப் பார்த்தவருக்குத்தான் அப்பழமொழியின் பளு தெரியும்.

நூல்களில் ஏறிய சொல்லை அகராதி காத்துக்கொள்ளும். குழவி என்னும் சொல்லுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அடுப்படியிலும் களத்திலும் தறியடியிலும் மட்டும் வழங்கும் சொற்கள் பல எந்த நூலிலும் ஏறாதவை. அவற்றை அறிந்தவர் இன்று நம் வீடுகளில் முதியவராக இருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்கும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவருக்கும் உண்டு. உங்கள் பாட்டியிடம் சென்று, அம்மியின் ஒவ்வொரு பகுதிக்கும் என்ன பெயர், ஆட்டுக்கல்லின் குழவித் தலையில் அடித்த மரமுளைக்கு என்ன பெயர், திரிகையில் தானியம் இடும் வாய்க்கு என்ன பெயர் என்று கேளுங்கள். கேட்டதை அவர் ஒலித்தபடியே எழுதுங்கள். ஊர்ப்பெயரையும் நாளையும் குறித்து வையுங்கள். அடுத்த ஊரில் அதற்கு வேறு பெயர் வழங்கினால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். காரணம் விளங்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். பிற்காலத்தில் வேறொரு மொழியிலிருந்து ஒரு சான்று வந்து அதனை விளக்கக்கூடும். மலாய் மொழியும் மெக்சிகோவின் மொழியும் நம் குழவிக்குச் சான்று கூற வந்ததை இன்று கண்டோம். நம் ஊர்ச் சொல் ஒன்று, நாளை வேறு நாட்டார் ஒருவரின் ஐயத்தைத் தீர்க்கவும் கூடும். அதற்கு அச்சொல் எங்கேனும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவே.